சட்டைப்பைக்குள் 4186

எட்னாவின் பரிசோதகர் எண் இருபத்துமூன்று. தைத்து வந்த சட்டையைப் புரட்டிப் பார்த்து, குறையில்லை என்றால் ஒரு சீட்டில் அந்த எண்ணை எழுதிச் சட்டைப்பைக்குள் வைக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் கிரிம்ஷா இப்போது நீட்டிய சீட்டில் 4186 என்று இருந்தது. கையெழுத்து எட்னாவுடையதேதான்.

"இங்க நாம மொத்தமே நாப்பது பேரு. யாரு எட்னா அந்த நாலாயிரத்து நூத்தி எண்பத்தாறாவது ஆளு?"

எட்னா அந்த எண்ணை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அது கூட்டுறவுக் கடையில் அவள் குடும்பத்தின் உறுப்பினர் எண். ரொட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் அதைச் சொல்லாமல் கடையை விட்டு நகர முடியாது. மகன் வில்ஃபுக்கு நாலு வயதிலேயே மிரட்டி மிரட்டி மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள்.

இந்தத் தொழிற்சாலையும் அதே கூட்டுறவுச் சங்கத்துடையதுதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் சட்டை தைத்தார்கள். போர் வந்ததும் இராணுவத்துக்குக் காக்கி.

ஜூனில், பிரான்சின் நார்மண்டிப் போர்முனையில் வில்ஃபைக் காணவில்லை என்று தந்தி வந்தது. மறுநாளும் எட்னா வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அந்த வாரம் கை என்ன எழுதியதோ, அவளுக்கே தெரியாது.

"அந்த ஒரு வாரம்தான், மிசஸ் கிரிம்ஷா. கடை நம்பரைப் போட்டுட்டேன் போல. எங்க வீட்டு நம்பர் அது. வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

கிரிம்ஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"உக்காரு. உக்காந்துட்டுக் கேளு."

சீட்டோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. தெற்கே ஏதோ இராணுவ மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியது.

பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒரு பையனுக்குத் தலையில் அடி. கழுத்தில் அடையாள வில்லை இல்லை. ஊர், பேர் எதுவும் நினைவில்லை. என்ன கேட்டாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்கிறான். இராணுவத்தில் தேடிப் பார்த்துவிட்டார்கள், அந்த எண்ணில் ஓர் ஆளே இல்லையாம்.

நேற்று அவனுக்குப் புதுச் சட்டை மாட்டிவிடும்போது, பைக்குள் அதே எண் இருந்ததாம்.

எட்னா சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று கிரிம்ஷாவுக்குத் தெரியவில்லை.

"மறந்தா தோலை உரிச்சிடுவேன்னு சொல்லியிருந்தேன்."