ஐந்து இயக்குநர், ஐந்து ஓட்டு

“நீ எதுக்குடி இப்ப அழுவுற?”

இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் பிரேம்குமார்.

“படம் நல்லாருக்குது, அழுவுறேன். அதுக்கும் உங்களக் கேக்கணுமா?” ஜோதிமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கட்டிய பெண்டாட்டியே அடுத்தவள் எடுத்த படத்துக்கு அழுதால் எந்த இயக்குநருக்குத்தான் பொறுக்கும்? இவன் எடுத்த கம்பெனி பஸ் டிரைவர் கதைக்கு அவள் கொட்டாவி விட்டாள். கேட்டால், “அதத்தான் வூட்லயே போட்டுப் போட்டுக் காமிச்சிட்டீங்களே” என்கிறாள்.

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபம். தயாரிப்பாளர் யாரும் இல்லாமல், கைக்காசைப் போட்டுப் படம் எடுத்தவர்களுக்கான விழா. இருப்பது ஒரே விருது, சிறந்த இயக்குநர். அதை வாங்குகிறவருக்கு அடுத்த படம் இயக்க பெங்களூர் படக் கம்பெனி ஒன்று வாய்ப்புத் தருகிறது.

பிரேம்குமார் வீட்டில் சத்தியமே பண்ணியிருந்தான். இந்த விருது வரவில்லையென்றால் கேமராவை மூட்டை கட்டிவிட்டு, மாமனார் சொல்லிவைத்திருக்கும் கம்பெனி வேலைக்குத் திங்கட்கிழமையே போய்விடுவதாக.

திரையில் வினோதாவின் படம். ஜவளகிரியில், ராகிக் கொல்லையில் யானை இறங்காமல் காவல் இருக்கும் ஒரு பொம்பளையின் கதை. யானையைக் காட்டவே இல்லை. அந்தப் பொம்பளையின் முகத்தை மட்டும் காட்டியிருந்தாள் வினோதா. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடிப்பாவி, இது எனக்குத் தோணாமப் போச்சே! பிரேம்குமாருக்கு வயிறு எரிந்தது. சோற்றுப்பானையை ஏற்றி வைத்திருந்தால் வெந்திருக்கும்.

கடைசியாக வந்தது கோவிந்தன் படம். கோவிந்தன் ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவனின் கதையைச் செல்போனிலேயே எடுத்திருந்தான். நடுநடுவே அவன் குரலே கேட்டது. “யோவ், இங்க பாக்காதய்யா! மாட்டப் பாரு!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்தப் படத்தில் சொன்னபடி நடித்தது மாடு மட்டும்தான்.

விளக்குகள் எரிந்தன. விழாக் குழுத் தலைவர் சென்னகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

“போன வருசம் மெட்ராஸ்லருந்து ஜட்ஜக் கூட்டிட்டு வந்தோம். ‘ஆளப் புடிச்சு வாங்கிட்டான்’னு ஒரு மாசம் சண்ட போட்டீங்க. இந்த வருசம் ஜட்ஜே கெடையாது. படம் எடுத்த அஞ்சு பேரும் ஆளுக்கொரு ஓட்டுப் போடுங்க. தனக்குத்தானே போட்டுக்கக் கூடாது, அவ்ளோதான்.”

ஐந்து பேர் கையிலும் துண்டுச் சீட்டு வந்தது.

“வினோதாவுக்குத்தானே?” என்றாள் ஜோதிமணி.

“நான் என்ன லூசா? அவளுக்குப் போட்டா அவ ஜெயிச்சிடுவா!”

“பின்ன யாருக்கு?”

“கோவிந்தனுக்கு. ஒத்த ஓட்ட வெச்சிக்கிட்டு அவன் என்ன கிழிச்சிடப் போறான்? பாவம், சந்தோசப்பட்டுட்டுப் போகட்டும்.”

“நல்லா எடுத்தவள நல்லா எடுத்திருக்கான்னு சொல்ல மனசு வரல. இதுல தர்மப் பிரபு வேற.”

“சும்மா இருடி, காதுல விழப்போகுது.”

எழுதினான். மடித்தான். போட்டான்.

சென்னகிருஷ்ணன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“அஞ்சுல நாலு ஓட்டு வாங்கி, சிறந்த இயக்குநர் விருது...”

நாலா! போச்சு, வினோதாதான். பிரேம்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

“...கோவிந்தனுக்கு!”

மண்டபத்துக்கு வந்திருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. படம் எடுத்த மற்ற நாலு பேருக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது.

பிரேம்குமார் சட்டென்று வினோதாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவசர அவசரமாகப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் பந்தி எந்தப் பக்கம் என்று தேடுகிறவர்களைப் போல எழுந்து நின்றார்கள்.

“மிச்சம் ஒரு ஓட்டு, பிரேம்குமாருக்கு” என்றார் சென்னகிருஷ்ணன்.

அது யார் போட்டது என்று கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மற்ற நாலு பேர் ஓட்டும்தான் கோவிந்தனுக்குப் போய்விட்டதே.

“எல்லாருக்கும் உங்கள மாதிரியே மூள வேல செஞ்சிருக்குது” என்றாள் ஜோதிமணி. “திங்கக்கெழம டிபன் பாக்ஸ்ல என்ன கட்டட்டும்? புளிசோறா, தயிர்சோறா?”

பிரேம்குமார் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினான்.

அதற்குள் கோவிந்தன் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். தோளில் சால்வை, கையில் விருது. கண்ணெல்லாம் தண்ணி.

“அண்ணா! நாலு பேரும் எனக்கே போட்டிருக்கீங்க. என் படம் எந்த லட்சணத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? புதுசா வர்றவன தூக்கி விடணும்னு... எப்பேர்ப்பட்ட மனசுண்ணா உங்களுக்கெல்லாம்!”

கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிரேம்குமாருக்கு, ஓட்டுச் சீட்டு எழுதிய தன் கையை அப்படியே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

“ஆமா, நீ எதுக்குப்பா எனக்குப் போட்ட?”

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“சொன்னா தப்பா நெனைக்கக் கூடாதுண்ணா. உங்க படத்தப் பாத்ததும் எனக்கு அவ்ளோ பொறாமையாப் போச்சு. நம்மளால இப்பிடி எடுக்க முடியலியேன்னு ஆத்தாமையாப் போச்சு. அதான், உங்களுக்கே போட்டுட்டேன்.”