பத்தாயிரம் வருடத்துக்கு ஒரு போர்ட்

பலநோக்கு மண்டபத்தில் அணுமின்சாரம் வேணும், வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, முன்வரிசையில் இருந்த கேதீஸ்வரிக்குக் கோழிக்கூட்டைச் சாத்தினோமா என்பதுதான் யோசனை. கதவென்றால் பெரிய கதவில்லை, ஒரு தகரத்துண்டு. நாலு மூலையிலும் முதலே ஓட்டை இருந்ததால் கம்பி போட்டுக் கட்ட வசதியாய்ப் போயிற்று.

புருசன் செத்து இரண்டு வருடம். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கும் சேர்த்து அழுகிறவள் பக்கத்தில் இருந்த மாமி, புருசனைப் பெற்ற சீதேவிப்பிள்ளைதான். சோறு போட்டுத் தின்ன வைக்கிறவளும் அவள்தான்.

மேடையில் நின்ற பொறியியலாளர் பஹ்மியைச் சனம் விடுவதாயில்லை.

“ஜப்பான்ல சுனாமியால உலையே வெடிச்சிச்சு. இஞ்ச வந்தா?”

“அதுக்கேத்த மாதிரித்தான் கட்டுவம்.”

“அந்தக் கழிவ எங்க கொட்டுவீங்க?”

“கொட்டுறதில்ல. இரும்புப் பீப்பாவில அடைச்சிப் பாறைக்குக் கீழ வைப்பம். மேல அபாயம் எண்டு எழுதின போர்ட். பத்தாயிரம் வருசத்துக்கு அழியாது.”

கூட்டத்தை ஒழுங்கு செய்த நல்லரத்தினம் துள்ளி எழும்பினார்.

“பத்தாயிரமா? நல்ல கதை! இந்தா இருக்கிற கேதீஸ்வரிட புருசன் யோகராசா, நாலு வருசம் கத்தார்ல கிடந்துட்டு வந்தவர். வந்த மூணாம் நாள், இவ எழும்ப முந்தி, மாடு தேடிப் பத்தைக்குள்ள போனவர். அது மிதிவெடிக் காடெண்டு ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாது. ஒரு போர்ட் இருந்திருந்தா மனிசன் திரும்பி வந்திருப்பார். வெடி அகற்ற வந்தவங்க போர்ட் நட்டுவச்சம் எண்டு பொய் வேற சொன்னாங்க! இவங்களா பத்தாயிரம் வருசம் காவல் காக்கப்போறாங்க?”

மண்டபம் கைதட்டியது. “நாசமாப் போவானுகள்” என்று சீதேவிப்பிள்ளை வழக்கம்போல சாபம் போடத் தொடங்கினாள். போர்ட் நடாதவர்களைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை.

“எழும்பிச் சொல்லுங்க தங்கச்சி. அங்க போர்ட் இருந்திச்சா?” நல்லரத்தினம் மைக்கைக் கேதீஸ்வரியின் கையில் திணித்தார்.

பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் அவள் ஏற்கெனவே சொன்ன பதில்தான், இல்லை என்று. இன்னொரு தரம் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். அவள் மைக்கை மடியில் இறக்கி வைத்தாள்.

பஹ்மி பாவப்பட்டு இறங்கி வந்தார். “உங்கட கவல விளங்குது தங்கச்சி. ஆனா நாங்க தகரத்துல எழுதப்போறதில்ல, கருங்கல்லுல வெட்டுவம். ஒருத்தரும் அசைக்க மாட்டாங்க. மண்டையோடு கீறின போர்ட்ட எந்த விசரன் கழட்டுவான், சொல்லுங்க?”

சனம் சிரித்தது. நல்லரத்தினமும் சிரித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த மாமிக்குக்கூட ஒரு சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்தினாள். மற்றக் கை மருமகளின் கையைப் பிடித்திருந்தது.

கேதீஸ்வரி அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

“நான்தான் மாமி. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச இடம்தானேண்டு கழட்டினன். கோழிக்கூட்டுக் கதவத் திருப்பிப் பாருங்க.”