கண் பரிசோதனைக்கு ஒத்திகை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உரிம அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கண் பரிசோதனை தொடங்கியது. பார்சல்காரர் பைக் உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

“வீட்ல செஞ்ச மாதிரியே செய்யுங்க. பதறாதீங்க” என்று மனைவி காதைக் கடித்தாள்.

“நீ பதறாம இரு, அது போதும்.”

“இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க” என்றார் டாக்டரம்மா.

இடது கையால் மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று படித்தார்.

“இப்ப வலது கண்ணு.”

வலது கையால் மூடிக்கொண்டு மறுபடியும் படித்தார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அண்ணே, கை மாறிச்சு, கண்ணு மாறலையே! ரெண்டு தடவையும் இடது கண்ணைத்தானே மூடுனீங்க?”

அவர் கையை இறக்கினார். “அந்தக் கண்ணு சுத்தமாத் தெரியாதும்மா. சொன்னா லைசென்ஸ் போயிடுமேன்னு...”

“யார் சொன்னது? ஒரு கண்ணு நல்லாத் தெரிஞ்சாலே பைக் ஓட்டலாம்னு விதி இருக்கு. உங்க வலது கண்ணு அருமையா இருக்கு.”

“அப்ப பாஸா டாக்டர்?” மனைவி எழுந்தேவிட்டாள்.

“உண்மையைச் சொல்லியிருந்தா பாஸ். பரிசோதனையில ஏமாத்தினா ஆறு மாசம் தடை. அதுவும் விதிதாம்மா.”

அன்று மாலை அவர் பார்சல் பையைக் கம்பெனியில் ஒப்படைத்தார்.