மூணாம் நம்பர்

"இந்த ஒரு கேள்விய மட்டும் தாண்டிப் போக முடியாதாம்மா?"

குமரகுருபரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வண்ணார்பேட்டையின் அந்த நெட் சென்டரில் ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"முடியாது சார். ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் வரும்" என்றாள் பிருந்தா. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பம் நிரப்புவதில் கைராசிக்காரி என்று அவளுக்குப் பெயர்.

"திருப்பி வாசி."

"யாரையாவது சித்திரவதை செஞ்சிருக்கீங்களா, செய்யச் சொல்லியிருக்கீங்களா, செஞ்சவங்களுக்கு ஒத்தாசையா இருந்திருக்கீங்களான்னு கேக்காங்க. எல்லாருகிட்டயும் கேக்கதுதான் சார். நேத்து வாலாம்பாள் மாமி இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் அவர். அமெரிக்காவில் மகள் ப்ரீத்திக்கு அடுத்த மாதம் பிரசவம். தாயில்லாத பெண். "நீங்களாவது பக்கத்துல இருங்கப்பா" என்று போனில் அழுதிருந்தாள். முப்பது வருஷம் கேள்வி கேட்டே பழகிய மனுஷனுக்கு, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு வறண்டது.

"இல்லைன்னு போட்டுட்டு, அங்க எறங்குனதும் புடிச்சிட்டாங்கன்னா?"

"எதுக்கு சார் புடிக்காங்க? உங்க பேரு எங்கயாவது இருந்தால்லா புடிப்பாங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரல் தாழ்ந்தது.

"ஒரு கேஸு ஜெனீவா வரைக்கும் போயிட்டும்மா. ஐ.நா. சபைக்கு. பிச்சைக்கண்ணுன்னு ஒரு பந்தல்காரன். நகைத் திருட்டுன்னு எங்க தனிப்படை அவனைத் தூக்கிட்டு வந்துச்சு. கைய பின்னால கட்டித் தொங்கவிட்டதுல கொஞ்சம் கூடிப்போச்சு. பொறவுதான் தெரிஞ்சுது, திருடுனவன் வேற ஆளுன்னு. அந்த ஜெனீவா கேஸுல என் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லேன்."

பிருந்தா நெட்டில் தேடினாள். ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம் திரையில் வந்தது. குமரகுருபரன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேத்தியோ பேரனோ, அந்த முகம் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"நம்ம கெவர்மெண்டுக்கு ஐ.நா.காரங்க எழுதுன கடுதாசி சார். தொங்கவிட்ட அதிகாரிய மத்தவங்க மூணாம் நம்பர்னு கூப்பிட்டாங்களாம். பேரு தெரியல, பேரு கெடச்சாத்தான் மேற்கொண்டு விசாரிக்க முடியும்னு போட்டிருக்கு."

"அப்போ பேரு இல்ல?"

"இல்ல சார்."

அவருக்கு உயிர் வந்தது. "எப்படி இருக்கும்? மப்டியிலதான் போவோம். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நம்பர்தான். மூணாம் நம்பர் நான்தான்னு எங்க ஆளு நாலு பேரத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"ஏம்மா, இதெல்லாம் வெளிய..."

"எனக்கு எதுக்கு சார்? ஒரு நாளைக்கு முப்பது பாரம் நெரப்புதேன். சாயங்காலம் ஒண்ணும் ஞாபகத்துல நிக்காது."

'இல்லை'யைத் தொட்டாள். அடுத்த பக்கம் வந்தது. முழுப்பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தாள். போட்டோவை ஏற்றினாள். எல்லாம் முடிந்து காகிதத்தை அவர் கையில் கொடுத்தபோது, "நீ நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

பிருந்தா கதவைத் தாழிட்டாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பாவால கையத் தூக்க முடியாதுல்லா, நீயே போனை அவுக காதுல வையி... அப்பா, ஜெனீவாக்காரங்க ஆறு வருஷமா நம்மகிட்ட கேட்டுக்கிட்டு இருந்த பேரு கெடச்சிட்டு."