உடம்பு பொய் என்றவர்

உடம்பு பொய் என்று மாரியம்மன் கோயிலில் மூன்று நாள் பிரசங்கம் செய்தவர், நாலாம் நாள் காலை பிளேக் ஊசிக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்.

வெண்ணந்தூர் அங்கமுத்துவுக்கு வயிறு எரிந்தது. மூன்று நாளும் தறியை நிறுத்திவிட்டு, முன்னால் உட்கார்ந்து தலையாட்டியவன் அவன்தான்.

அடுத்த தெருவில் எலி செத்து விழ ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஊசி என்றால் ஊருக்கே நடுக்கம். கை வீங்கும், காய்ச்சல் வரும், ஆளே போய்விடுவான் என்று பேச்சு. குழந்தை சாலம்மாளுக்காவது போட்டுவிடலாம் என்று மனைவி பூவாத்தாள் இரண்டு நாளாகக் கெஞ்சினாள். பொய்யான உடம்புக்கு ஊசி எதற்கு என்று அங்கமுத்து அவள் வாயை அடைத்துவிட்டான். உண்மையில் அவனுக்கும் பயம்தான். வேதாந்தம் நல்ல சாக்காக வாய்த்தது.

இப்போது அந்தச் சாக்கும் போயிற்று. நேரே ஊசி போடும் பந்தலுக்குப் போனான்.

"ஏனுங்கய்யா, ஒடம்பு பொய்யின்னு சொன்னீங்க. அந்தப் பொய்யைக் காப்பாத்திக்கவா இத்தனை வெரசா வந்துட்டீங்க?"

பந்தலைச் சுற்றி வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிரசங்கி சுவாமிநாதனும் கூடச் சிரித்தார்.

"என்ன பண்றது அங்கமுத்து, உசுரு மேல ஆசை. உனக்கும் இருந்தா பின்னால நில்லு. கொழந்தையையும் தூக்கிட்டு வா."

வேதாந்திக்கே உயிர்மேல் ஆசை என்றால் நமக்கு என்ன வெட்கம்? ஒருவர், இருவர் என்று வந்து, வரிசை கிணற்றடிவரை நீண்டது. அங்கமுத்துவும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சாலம்மாளைத் தூக்கி வந்தான். முதலில் கேள்வி கேட்டவன் என்று அவனை ஐயாவுக்கு அடுத்தபடியாகவே நிற்க விட்டார்கள்.

சேலத்து டாக்டர் வந்து ஊசியில் மருந்தை ஏற்றினார். சுவாமிநாதன் துண்டை விலக்கியதும் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் நின்ற அங்கமுத்துவுக்கு மட்டும் அது கேட்டது.

"போதுங்கய்யா. திருச்செங்கோட்டுல ஒரு கையில போட்டுக்கிட்டீங்க, எடப்பாடியில இன்னொரு கையில. ரெண்டும் இன்னும் வீங்கிக் கிடக்கு. இங்கே சும்மா போட்ட மாதிரி காட்டி அனுப்பிடறேனே."

"வேண்டாங்க. பின்னால ஒரு கொழந்தை பார்த்துக்கிட்டு இருக்குது. நெசமாவே போடுங்க."