எட்டுக்கு ஐந்து

“எட்டு நாற்பதுக்கே வந்துட்டீங்க, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். உங்க நேரம் ஒன்பதுலேர்ந்து ஒன்பதரை.”

“ரயில் அப்படி அமைஞ்சுது. காத்திருக்கேம்மா,” என்றார் ஆல்டன் ஹாஸ்கின்ஸ்.

பாஸ்டனில் அந்த முதலீட்டு நிறுவனத்தின் இருபத்திரண்டாவது மாடி. அப்படிச் சொன்ன மேவ் என்ற பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். சரியாக ஒன்பதுக்கு அவரை உள்ளே அழைத்தாள். பாதி தின்ற சாண்ட்விச்சை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

“உங்க கம்பெனிப் பங்குல நூத்துக்குத் தொண்ணூறு எங்களை மாதிரி நிறுவனங்க கையில. எங்ககிட்ட மட்டும் பதினொண்ணு. வியாழக்கிழமை பங்குதாரர் ஓட்டெடுப்புல நாங்க உங்களை வேணாம்னா மத்தவங்களும் வேணாம்பாங்க. உங்க வேலை போயிடும். தெரியும்ல?”

“தெரிஞ்சுதான் வந்தேன்.”

“போன வருஷம் உங்க இயக்குநர் குழுவுக்கு எட்டுக் கூட்டம். அஞ்சுக்குத்தான் வந்திருக்கீங்க. முக்கால்வாசிக்காவது வந்திருக்கணும். அது எங்க விதி.”

“கடலுக்கடியில எங்க கம்பெனி போட்ட இன்டர்நெட் கேபிள் அறுந்துபோச்சும்மா. மூணு தீவுக்கு இன்டர்நெட் இல்ல. சரிபண்ற கப்பல்ல நானும் ஏறிட்டேன்.”

“நாலு மாசமா?”

“ஒண்ணை ஒட்டினா அடுத்தது அறுந்துச்சு.”

“வீடியோவுல வந்திருக்கலாமே?”

“எதுலம்மா வர்றது? அறுந்ததே அதுதானே.”

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் தட்டச்சு செய்தது என்னவோ ஐந்து என்றுதான்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பன்னிரண்டு மேசைகள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

“இங்கேருந்து எத்தனை கம்பெனி பாக்கறீங்க?”

“நாலாயிரம். என் கையில முந்நூறு. இன்னிக்கு உங்களுக்கப்புறம் ஒன்பது பேர்.”

ஹாஸ்கின்ஸ் மலைத்துப்போனார். நாற்பது வருடம் கடலோடு பழகியவர். கரையே தெரியாத நடு அட்லாண்டிக்கில்கூட அவருக்கு இப்படி மலைப்பு வந்ததில்லை.

“கடைசியில யாரும்மா முதலாளி?”

“டீச்சர், நர்ஸ், பஸ் டிரைவர். ஓய்வுக்காலத்துக்குன்னு பணம் போட்டவங்க. மூணு கோடிப் பேர். பாதிப் பேர் உங்க கம்பெனியைக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டாங்க.”

“மூணு கோடி,” என்றார் மெல்ல. தேவாலயத்தில் பேசுவதுபோல இருந்தது அவர் குரல். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“ஒரே ஒரு வருஷம் குடுங்கம்மா. புதுக் கேபிள் பாதிக் கடல் வந்திருச்சு. அது கரையேறுறதைப் பாத்துட்டு நானே போயிடறேன். அந்த மூணு கோடிப் பேர்கிட்டயும் நேர்ல கேக்க முடியாது. அதான் உங்ககிட்ட கேக்கறேன்.”

மேவ் அதையும் எழுதிக்கொண்டாள். மணி ஒன்பது இருபத்தொன்பது. எழுந்து கை குலுக்கினாள். அவர் கதவைத் திறந்ததும் அடுத்தவர் கோப்போடு எழுந்து நின்றார்.

“ஒரு சந்தேகம், மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்,” என்றாள் பின்னாலிருந்து. “கம்பெனியை ஆரம்பிச்சது நீங்க. இன்னிவரைக்கும் தலைவரும் நீங்கதான். கம்பெனிக்குப் பேரும் உங்க பேர்தான். வியாழக்கிழமை நாங்க உங்களை வேணாம்னுட்டா, வாசல்ல இருக்கற பேர்ப்பலகையை என்ன பண்ணுவாங்க?”