ஏதாவதுன்னா மட்டும் கூப்பிடு

கான்கிரீட் பம்ப்பின் மூடிமேல் கிடந்த போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது. ஆபரேட்டர் கிரீஸ் விரலால் அதை அமுக்கி அடக்கினார்.

“வீட்டுக்காரம்மாவா?” என்று கேட்டார், பம்ப்பின் தொட்டியில் சிமெண்டுப் பாலை ஊற்றிக்கொண்டிருந்த கூட்டாளி.

“வேற யாருண்ணே? என் தம்பியை மேல நிறுத்தாதீங்கன்னு நேத்துலேருந்து ஒரே பாட்டு. காலைல முகத்தைக்கூடப் பார்க்காம கிளம்பி வந்துட்டேன்.”

“எடுத்து ரெண்டு வார்த்தை பேசேன்பா.”

“என்னன்னு பேச? ஹோஸ் பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். இவனை விட்டா ஆள் இல்ல. நிறுத்தலைன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி ஏறிப் போகிறது இரும்புக் குழாய். அதன் முனையில் ரப்பர் ஹோஸ். கான்கிரீட் போகுமுன் சிமெண்டுப் பாலை அனுப்பிக் குழாயின் உள்பக்கத்தை வழவழப்பாக்க வேண்டும். பால் முன்னால் தள்ளிக்கொண்டு போகும் காற்று எங்காவது அடைத்து வெடித்தால், ஹோஸ் ஆளைத் தூக்கி அடித்துவிடும். அது முடிகிற வரை ஹோஸ் பக்கத்தில் ஒரு ஆளும் நிற்கக் கூடாது.

மைத்துனனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. மேலே பேசுகிற வாக்கி டாக்கி பழுதாகி இரண்டு வாரம் ஆகிறது. அதனால் காலையில் ஒரு ஏற்பாடு.

“எல்லாம் சரின்னா கூப்பிடாத. ஏதாவதுன்னா மட்டும் கூப்பிடு. உன் போன் வராத வரைக்கும் நான் ஓட்டிக்கிட்டேதான் இருப்பேன்.”

“சரி மாமா. போன் இருக்கு” என்று அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

“என்ன மாப்ளே, போனுக்கு ரோசாப்பூ போட்ட உறையெல்லாம் பலமா இருக்கு! பொண்ணு பார்க்கப் போறியா, ஹோஸ் பிடிக்கப் போறியா?” என்றார் கூட்டாளி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபரேட்டர் தலையைத் தூக்கவில்லை. குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் கிளாம்ப் கழன்றுவிடாமல் ஊசி மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இன்ஜினியர் வந்து நின்றார்.

“என்னய்யா, கான்கிரீட் லாரி முக்கால் மணி நேரமா சுத்திக்கிட்டு நிக்குது. உள்ளயே இறுகிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“ஒரு ஆளை மேல அனுப்பிப் பார்த்துட்டு வரச் சொல்றேன் சார்.”

“அஞ்சு மாடி ஏறி இறங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். உன் மச்சான் கூப்பிட்டானா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? போடு.”

ஆபரேட்டர் அண்ணாந்து பார்த்தார். கட்டடத்தைச் சுற்றிக் கட்டிய பச்சை வலைதான் தெரிந்தது. கத்தினாலும் இன்ஜின் சத்தத்தில் இரண்டாவது மாடியைத் தாண்டாது. என்ன செய்ய? சுவிட்சைப் போட்டார்.

பம்ப் ஒரு தடவை இருமிவிட்டு மெதுவாகத் தள்ள ஆரம்பித்தது. சுவரில் குழாய் நடுங்கியது.

போன் அதிர்ந்தது. வீடு. அமுக்கினார்.

மறுபடி வீடு. அமுக்கினார்.

மறுபடி. இந்தத் தடவை அமுக்கவும் முடியவில்லை. ஒரு கை லீவரில், கண் அழுத்தம் காட்டும் முள்ளில். முள் துள்ளியது, பிறகு சட்டென்று இறங்கியது. போன் பாதியிலேயே நின்றுபோனது.

“காத்து போயிடுச்சு. இனிமே சுகமா ஓடும்” என்றார் கூட்டாளி.

“அவளும் ஒரு வழியா ஓய்ஞ்சுட்டா” என்று ஆபரேட்டர் மூச்சு விட்டார். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தம்பியையும் கூடவே கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினால் கோபமெல்லாம் இறங்கிவிடும்.

திரும்பினால், கேட்டைத் தாண்டி மனைவியே வந்துகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. வெயிலில் நடந்து வந்த முகம்.

“ஆறு தடவை போன் பண்ணினது போதாதுன்னு நேர்லயே வந்துட்டியா?” இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். “வேலை நேரத்துல மனுஷனை நிம்மதியா விட மாட்டியா?”

அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

“நான் எங்க கூப்பிட்டேன்? காலைல நீங்க கிளம்பினதும், தன் போன்ல சார்ஜ் இல்லன்னு என் போனைத் தம்பியில்ல வாங்கிட்டு வந்தான்.”